வழிப்போக்கர் தருமம்



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, தானம் தானம் என்று ஓயாமல் போதிக்கிறீர்கள். தானம் வாங்கும் நிலையிலேயே நம்மைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். கொடுப்பதற்கு நம்மிடத்தில் என்ன இருக்கிறது?" என்று வினவினார். வினா நியாயமானதே. அன்று நான் கூறிய விடை சபையோருக்குத் திருப்தி தந்ததோ என்னவோ, எனக்குத் தரவில்லை. நான் கலாசாலையில் பயின்றவனல்லன். ஆலையில் தறியோடு நின்று, இரவில் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஆகையால் எவ்வினாவிற்கும் உடனே விடை கூற வாராது. சில நாள் சென்றே வரும். அவ்விடையை இம்மாதப் பாடமாக எழுதுகின்றேன்.

பாடத்தின் மூலம்

அங்குத்தர நிகாயத்தின் ஐந்தின் தொகுதியில் பகவான் காலதானம் என்பதைக் குறித்து உபதேசித்திருக்கின்றார். காலமறிந்து ஈதல் என்பது இதன் பொருள். அது ஐவகைப்படும். வருகின்றவருக்கு ஈதல் ஒன்று. புறப்பட்டுச் செல்கின்றவருக்கு ஈதல் இரண்டு. நோயுற்றவருக்கு ஈதல் மூன்று. பஞ்ச காலத்தில் ஈதல் நான்கு. புதிதாய் விளைந்த கதிரையும் கனியையும் முதற்கண் சீலமுடையோருக்கு ஈதல் ஐந்து.

இவற்றுள் முதலிரண்டும் வழிப்போக்கரைக் குறித்தனவாய் இருத்தலை உற்று நோக்குங்கள். பொன்னும் பூமியும் அங்கே பேசப்படவில்லை. வருகின்றவன் யார், அவன் குலமென்ன, அவன் கைம்மாறு செய்வானா என்ற கேள்வியும் இல்லை. வருகின்றவன் என்பதொன்றே அவனுடைய தகுதி. செல்வமில்லாதவனும் செய்யத்தக்க தானம் இதுவன்றோ?

இதனை விளங்கிக்கொள்ள நூல்களிலிருந்தே உதாரணம் காட்டலாம். எனினும் இம்முறை வேறோர் உதாரணம் கூறப் புகுகின்றேன். ஒரு ஸ்திரீ தனியாகச் சைக்கிள் ஏறி, ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து மலைகளைக் கடந்து டில்லிமாநகர் வந்து சேர்ந்த சரித்திரம் அது.

பத்து வயதுச் சிறுமியின் சங்கற்பம்

அயர்லாந்து தேசத்தில் லிஸ்மோர் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1931ஆம் ஆண்டு பிறந்தவர் டெர்வ்லா மர்பி அம்மையார். தந்தையார் நூலகப் பணியாளர். 1941ஆம் ஆண்டு பத்தாவது பிறந்த நாளுக்கு அச்சிறுமிக்கு இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று பழைய சைக்கிள். மற்றொன்று பழைய பூகோளப் படப் புத்தகம். சில நாளில் ஊருக்கருகே செங்குத்தான மேட்டில் பெடலை மிதித்து ஏறுங்கால், தன் கால்கள் சுழல்வதைக் கண்டு, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியா போய்ச் சேரலாமே என்று அச்சிறுமி எண்ணினாள். அன்று செய்துகொண்ட சங்கற்பம் நிறைவேற இருபத்தோராண்டுகள் ஆயின.

ஏன் அத்தனை தாமதம்? தாயார் கீல்வாத நோயால் கைகால் முடங்கியவர். அவருக்குப் பணிவிடை செய்யும் பொருட்டு மகள் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். அதன்பின் ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகள் தாயைத் தூக்கி இருத்துவதும், ஊட்டுவதும், துடைப்பதுமே அவருடைய வேலையாயிற்று. தந்தையார் 1961இலும், தாயார் 1962இலும் காலமாயினர். அதன் பின்னரே அவர் புறப்பட்டார்.

காலதானத்தில் மூன்றாவதாகிய நோயுற்றவருக்கு ஈதலை இவர் பிரயாணம் தொடங்குமுன் தம் வீட்டிலேயே செய்து முடித்தார் என்பதை நாம் மறக்கலாகாது. பேதியால் வருந்தித் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவான் தம் கையாலேயே நீராட்டினார் என்று விநயம் கூறுகின்றது. அது தம்மத்தின் தலைவாயில். அவ்வாயில் வழியே வந்தவரே இவ்வம்மையார்.

புறப்பாடு

1963ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பிரான்சு நாட்டு டன்கர்க் துறைமுகத்திலிருந்து அவர் வண்டி ஏறினார். பல்லாண்டுகளாய் ஐரோப்பா காணாத கடுங்குளிர் அவ்வாண்டு. வீதியெல்லாம் பனிக்கட்டி. கைவிரல் மரத்துப்போய்ப் பிரேக்கைப் பிடிக்கவும் இயலாத குளிர்.

வண்டிக்கு ரோஸ் என்று செல்லப்பெயர் இட்டிருந்தார். ஆண்கள் ஏறும் சாதாரண வண்டி. அதிலிருந்த மூன்று வேகக் கியரையும் கழற்றிவிட்டார். கரடுமுரடான பாதையில் நுண்ணிய கருவி கெட்டுப்போகும். கெட்டால் மலையில் பழுது பார்ப்பார் யார் என்பது அவர் கணக்கு. ஆலையில் இயந்திரத்தோடு பழகிய நமக்கு இந்தக் கணக்கு நன்றாய் விளங்கும். உறுப்புக் குறைந்தால் பழுதும் குறையும். மாற்று டயர்களை வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். இடுப்பில் ஒரு சிறு கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்.

யுகோஸ்லாவியாவில் இரவில் ஓநாய்கள் பாய்ந்தபோதும், ஈரானில் மனிதர் தீங்கு செய்ய நெருங்கியபோதும் அத்துப்பாக்கி வெடித்தது. ஈரானில் தீங்கு செய்ய முயன்ற வேறொருவன் காவல் உடுப்பு அணிந்தவன்! இதை நான் மறைக்க விரும்பவில்லை. வழியெல்லாம் மலர் தூவியிருந்தது என்று கூறினால் அது பொய்யாகும். பொய் கூறித் தருமம் போதிக்கலாகாது. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஆறு மாதப் பிரயாணத்தில் தீங்கு செய்தோரை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். சோறிட்டோரையும், படுக்க இடம் தந்தோரையும், பாதை காட்டியோரையும் எண்ண முடியாது. எண்ண முடிந்த சிலரை நாம் ஆயுள் முழுதும் நினைக்கின்றோம். எண்ண முடியாத பலரை மறுநாளே மறக்கின்றோம். இது மனத்தின் குற்றம். இக்குற்றத்தைக் களைவதும் பாவனையின் ஒரு பகுதியே.

வருகின்றவருக்கு ஈதல்

ஆப்கானிஸ்தானத்துக்குள் நுழைய அவருக்கு எளிதில் அனுமதி கிடைக்கவில்லை. தனியே செல்லும் பெண்ணுக்கு அது ஆபத்தான நாடு என்றனர். வாதாடி அனுமதி பெற்று உள்ளே சென்றார். எந்த நாட்டைக் கண்டு அஞ்சும்படி சொன்னார்களோ அந்த நாட்டின்மேலேயே அவருக்கு அளவிலாப் பிரியம் உண்டாயிற்று. பின்னர் எழுதிய நூலில் ஆப்கானியரை மனமாரப் புகழ்ந்திருக்கின்றார்.

காரணம் யாது? அம்மலைநாட்டுப் பஷ்தூன் மக்களுக்குள் பஷ்தூன்வாலி என்றொரு குல ஒழுக்கம் உண்டு. அதன் தலையாய விதிகளுள் ஒன்று மெல்மஸ்தியா எனப்படும் விருந்தோம்பல். வாயிலில் வந்து நின்றவன் அயலானாயினும், வேற்று மதத்தானாயினும், அவனுக்கு உணவும் இடமும் தந்து, அவன் உயிருக்கும் தாமே பிணையாக நிற்றல் வேண்டும். கைம்மாறு கேட்டலாகாது. விருந்தினருக்கென்றே கிராமத்தில் ஹுஜ்ரா என்னும் பொது அறையும் இருக்கும். பாதையோரங்களில் சாய்கானா எனப்படும் தேநீர்க் கடைகளே சத்திரங்களாகவும் உதவும். அங்கே கம்பளத்தின்மேல் லாரி ஓட்டியும், ஒட்டகம் மேய்ப்பவனும், வழிப்போக்கனும் வரிசையாய்ப் படுத்துறங்குவர்.

இந்த ஒழுக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதையும் ஆராய வேண்டும். மலையில் இரவு வந்தால் பனி கொல்லும். அடுத்த கிராமம் ஒரு நாள் வழி. கதவை மூடினால் வெளியே நிற்பவன் இறப்பான். இன்று அவன் நிற்கின்றான். நாளை நாம் நிற்போம். இவ்வறிவே நாளடைவில் வழக்கமாகி, வழக்கம் மானமாகி, மானம் தருமமாயிற்று. அவர்கள் பின்பற்றும் இஸ்லாம் மார்க்கத்திலும் ஜகாத் என்னும் தருமப் பணத்தைப் பெற உரியவர்களுள் வழிப்போக்கனும் ஒருவனாகச் சொல்லப்பட்டிருக்கின்றான்.

அம்மையாரின் பாதை பாமியான் பள்ளத்தாக்கு வழியாகவும் சென்றது. அவர் கண்ட 1963இல் அங்கே மலைச்சுவரில் குடைந்த இரண்டு நின்ற திருக்கோலப் புத்தர் உருவங்கள் இருந்தன. பெரியது 55 மீட்டர். சிறியது 38 மீட்டர். கி.பி. 630ஆம் ஆண்டு வாக்கில் அவ்வழி வந்த சீன யாத்திரிகர் ஹியூன்சாங் அவற்றைக் கண்டு எழுதிவைத்துள்ளார். 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தாலிபான்கள் அவ்விரண்டையும் வெடிவைத்துத் தகர்த்தனர். அச்செய்தி கேட்டு நம்மில் கண்ணீர் விடாதார் யார்?

ஆயினும் அத்தேசத்து ஏழைக் குடியானவன், நூற்றாண்டுகளுக்கு முன் தன் நாட்டில் வழங்கிய மார்க்கத்தின் பெயரையும் அறியாதவன், வாயிலில் வந்து நின்ற அயல்நாட்டுப் பெண்ணுக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தான். மலையில் குடைந்த புத்தரைத் தகர்ப்பது கொடிது. மனத்திலுள்ள கருணையைத் தகர்ப்பது அதனினும் கொடிது. விகாரை இல்லாத ஊரிலும் தம்மம் இருக்கலாம். விகாரை கட்டிய நம் தெருவில் அது இருக்கின்றதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

செல்கின்றவருக்கு ஈதல்

அந்நாட்டில் ஒரு பஸ்ஸில் பிரயாணம் செய்தபோது சக பிரயாணிகளுக்குள் சச்சரவு மூண்டது. அம்மையார் அதில் சம்பந்தப்பட்டவரல்லர். ஆனாலும் துப்பாக்கியின் அடிக்கட்டை அவர்மேல் பட்டு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. வேறொருவராயிருந்தால் அத்தேசத்தையே சபித்துத் திரும்பியிருப்பார். அவரோ சிறிது தாமதித்துப் பின்னும் மேற்சென்றார். ஆப்கானியர்பால் கொண்ட அன்பையும் விடவில்லை. ஒருவன் கையால் பட்ட அடிக்கு ஓரினத்தையே பகைக்காமை உபேட்சை என்னும் நடுநிலைமைக்கு நல்ல உதாரணம்.

பின்பு பாகிஸ்தானத்துச் சுவாத் நாட்டில் அரச குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கினார். அது முற்காலத்தில் உத்தியானம் என்ற பெயரோடு பௌத்த விகாரைகள் நிறைந்திருந்த நாடு. அங்கிருந்து கில்கித் மலைப்பகுதிக்குச் சென்றார். திரும்புகையில் சிந்து நதிப் பள்ளத்தாக்கின் கொடும் வெயிலையும், 4,173 மீட்டர் உயரமுள்ள பாபுசர் கணவாயின் பனியையும் அடுத்தடுத்துக் கடந்தார். சமவெளியில் நம்மைச் சுமக்கும் சைக்கிளை அப்பனியில் நாம் சுமக்க வேண்டும்.

செல்கின்றவருக்கு ஈதல் என்பது யாது? வந்தவனுக்குச் சோறிட்டதோடு கடமை தீரவில்லை. இன்ன இடத்தில் பாலம் இல்லை, இன்ன கிராமத்தில் இன்னாரைக் கேள், வழிக்கு இந்த ரொட்டியை வைத்துக்கொள் என்று கூறி அனுப்புவதும் தானமே. மலைநாட்டில் ஒரு வீட்டார் அடுத்த ஊராருக்குச் சொல்லியனுப்பி, பிரயாணியைக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பர். மௌரியச் சக்கரவர்த்தி அசோகர் பாதையோரங்களில் நிழல்மரம் நட்டுக் கிணறு தோண்டியதும் இத்தானமே. இச்செய்தியைக் கூறும் அவருடைய கல்வெட்டு ஒன்று சோழரையும் பாண்டியரையும் பெயர் சுட்டிப் பேசுகின்றது. நடப்பவன் யாரென்று மரம் கேட்பதில்லை. எல்லோருக்கும் நிழல் தருகின்றது.

1963ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அவர் டில்லி சேர்ந்தார். அதுவரை ஆன செலவு அறுபத்து நான்கு பவுன் சொச்சமே. இந்தச் சிறு தொகையில் இத்துணைத் தூரம் வந்தது எங்ஙனம்? மீதிச் செலவை வழியிலிருந்த ஏழைகள் ஏற்றனர். அவ்வளவே.

பஞ்ச காலத்தில் ஈதல்

நிற்க. பெற்றவர் பெற்றதோடு நின்றாரா என்று பார்ப்போம். 1959ஆம் ஆண்டு தலாய் லாமா அவர்கள் திபேத்தை விட்டு இந்தியா வந்தபின், ஆயிரமாயிரம் திபேத்தியர் பனிமலை கடந்து அகதிகளாய் வந்தனர். பெற்றோர் மலைகளில் சாலை போடும் கூலிகளாயினர். பிள்ளைகள் நோயாலும் பசியாலும் வாடினர். 1960இல் தர்மசாலாவில் 51 குழந்தைகளோடு ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா அதை நடத்தினார். குழந்தைகள் பெருகப் பெருக இடமும் மருந்தும் போதாவாயின.

டில்லி வந்த அம்மையார் ஊர் திரும்பவில்லை. அக்காப்பகத்துக்குச் சென்று, சொறி பிடித்த குழந்தைகளைக் கழுவி மருந்திடும் பணியில் சில மாதங்கள் உழைத்தார். மலைவாசிகள் தமக்கிட்ட ரொட்டியின் கடனை அவர்களுக்கே திருப்பித் தர இயலாது. அவர்கள் வெகுதூரத்தில் இருக்கின்றனர். ஆகவே எதிரில் நின்ற குழந்தைகளுக்குத் திருப்பினார். தானத்தின் கடன் இப்படித்தான் தீரும். கொடுத்தவனிடமே திரும்பிச் சென்றால் அது கைமாற்று; அடுத்தவனிடம் சென்றால் அது தருமம்.

1961இல் நம் கன்னட நாட்டிலும் பைலக்குப்பேயில் திபேத்தியருக்குக் குடியேற்றம் ஏற்பட்டது என்பதை நம்மவர் அறிவர். அம்மையாரும் 1973இல் ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு பக்கத்துக் குடகு நாட்டிற்கு வந்து தங்கியுள்ளார். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், தொண்ணூறாம் வயதில், பிறந்த ஊராகிய லிஸ்மோரிலேயே அவர் காலமானார்.

மற்றொரு பிரயாணம்

இவ்வளவும் கூறியபின் நம் இளைஞர் மீண்டும் எழுவார். "வெள்ளைக்கார அம்மையாருக்கு எவரும் சோறிடுவர். நம்மவர் ஒருவர் இத்தேசத்துக் கிராமங்களில் அங்ஙனம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?" என்பார்.

என்ன கிடைத்தது என்பதை நாம் அறிவோம். டெர்வ்லா என்ற சிறுமி சைக்கிள் பெற்றது பத்தாவது வயதில். அதே பத்து வயதில், 1901ஆம் ஆண்டு, சதாராவிலிருந்து ஒரு சிறுவர் புறப்பட்டார். கோரேகானில் வேலை பார்த்த தந்தையாரைக் காணத் தமையனாரோடும் உறவுச் சிறுவரோடும் இரயில் ஏறினார். புத்தாடை, புதுத் தொப்பி, கூடை நிறையத் தின்பண்டம், மனம் நிறைய மகிழ்ச்சி. மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். கடிதம் போய்ச் சேராமையால் தந்தையார் ஆளனுப்பவில்லை. பிள்ளைகள் எந்தச் சாதி என்று தெரிந்ததும் நிலையத்து அதிகாரி விலகிப்போனார். வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. முடிவில் ஒருவன் இரட்டைக் கூலிக்கு இசைந்தான். எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். அவன் கூட நடந்து வருவான். இரவெல்லாம் கூடையில் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. உண்ணாமலே படுத்தனர்.

அச்சிறுவரே பின்னாளில் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானவரோடு திரிசரணம் பெற்ற பாபாசாகேப் அம்பேத்கர் என்று நான் கூறவும் வேண்டுமோ?

ஆகவே இளைஞரின் ஆட்சேபத்தில் உண்மை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. தோலின் நிறமும் அயல்நாட்டுப் பேச்சும் சில கதவுகளைத் திறந்திருக்கும். ஆனால் அதிலிருந்து எழும் முடிவு யாது? கேட்டவனின் குலத்தைக் கேட்டுக் கொடுப்பது தானமே அன்று என்பதே முடிவு. ஆனந்த தேரர் கிணற்றடியில் மாதங்க குலப் பெண்ணிடம் நீர் கேட்டார். அவள் தன் குலத்தைச் சொல்லித் தயங்கினாள். தாம் குலத்தைக் கேட்கவில்லை, நீரையே கேட்டதாகத் தேரர் கூறினார் என்பது நம் பிள்ளைகளும் அறிந்த கதை. அக்கதையில் கேட்டவர் பிக்கு. கொடுத்தவள் நம் குலத்தவள். உலகத்துக்கே பாடமான ஒரு தானத்தைச் செய்தவள் கையில் ஒரு குடம் நீரே இருந்தது. கொடுப்பதற்கு நம்மிடத்தில் என்ன இருக்கிறது என்ற வினாவிற்கு இது விடையாகாதா?

என் குற்றம்

இனி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இப்பாடத்தை முடித்தால் நான் வேடதாரியாவேன்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, பெங்களூரில் கட்டட வேலை செய்த வட மாநிலத் தொழிலாளர் பலர், இரயிலும் பஸ்ஸும் இல்லாமையால், நடந்தும் சைக்கிளிலும் ஊர் திரும்பியது நினைவிருக்கும். ஒரு பகற்பொழுது அத்தகைய ஒருவர் எங்கள் வீட்டு முன் சைக்கிளை நிறுத்தினார். செயின் அறுந்து கேரியரில் சுற்றியிருந்தது. வாயைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்டார்.

நான் செம்பில் தண்ணீர் கொண்டு சென்றேன். நோய் பரவிய காலம், அஞ்சினேன். அவரைக் கையேந்தச் சொல்லி, எட்ட நின்று, செம்பை உயரப் பிடித்து ஊற்றினேன். அவர் குனிந்து இரு கையாலும் ஏந்திக் குடித்தார். குடித்துவிட்டுக் கைகூப்பினார். ஏதோ பெருந்தருமம் செய்தவன்போல் உள்ளே வந்தேன்.

வாயிலில் நின்று பார்த்திருந்த என் மனைவி, "உங்கள் தகப்பனாருக்கு ஊரில் இப்படித்தானே ஊற்றினார்கள்?" என்றாள்.

வட ஆற்காட்டுக் கிராமத்தில் என் தகப்பனார் கையேந்தி நின்றதையும், மேலேயிருந்து நீர் ஊற்றப்பட்டதையும் சிறுவனாய் நான் கண்டவன். அதைப் பொறாமலேயே அவர் ஆலை வேலைக்கு வந்தார். அதைப் பொறாமலேயே நான் தம்மத்துக்கு வந்தேன். அதே நீரை அதே உயரத்திலிருந்து நான் ஊற்றியிருக்கின்றேன்! நோய்க்கு அஞ்சினேன் என்பது உண்மை. ஆனால் டம்ளரில் ஊற்றித் திண்ணையில் வைத்து விலகி நின்றிருக்கலாமே? அப்படி எனக்கு ஏன் தோன்றவில்லை? உயரப் பிடித்து ஊற்றும் அந்த வழக்கம் என் கைக்குள் ஒளிந்திருந்தது. டம்ளரையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். செயினைப் பூட்டிக்கொடுக்க எனக்குத் தெரியும். ஆலையில் இருபதாண்டு செய்த வேலை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெரு முனை கடந்து போய்விட்டார். நெடுஞ்சாலை வரை சென்று தேடினேன். காணவில்லை.

அவர் பெயரும் தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பதும் தெரியாது. பாபுசர் மலையடிவாரத்து எழுத்தறியாத இடையன் தேறும் தேர்வில், பதினைந்து ஆண்டு உபதேசம் செய்த நான் தவறினேன். அன்று முதல் எங்கள் திண்ணையில் ஒரு மண்பானையும் இரண்டு டம்ளர்களும் இருக்கின்றன. பக்கத்தில் செயின் இணைப்பும், பஞ்சர் ஒட்டும் பசையும், காற்றடிக்கும் பம்பும் வைத்திருக்கின்றேன். தறியில் நின்றவன் தர முடிந்த தானம் இதுவே.

இப்பாடத்தின் சாரம்

தானம் பணத்தின் அளவால் அறியப்படுவதன்று, காலத்தால் அறியப்படுவது. வருகின்றவன் வரும்போதே கொடுக்க வேண்டும். அவன் தெரு முனை கடந்தபின் கொடுக்க முடியாது. கொடுக்கும் கையின் உயரமும் தானத்தின் பகுதி. மேலிருந்து ஊற்றுவது நீராயினும் தானமன்று. சமமாய் நின்று நீட்டுவது நீரேயாயினும் பெருந்தானம். நமக்கு மறுக்கப்பட்டது எதுவோ அதையே முதலில் கொடுக்கக் கடமைப்பட்டவர் நாமே. அதன் அருமையை நம்மைவிட நன்கறிந்தவர் இலர்.

சங்கத்தார் கூடி ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. காலதானம் ஐந்தனுள் உங்கள் இல்லத்தில் இம்மாதம் செய்யக்கூடியது எது?

2. நம் தெருவில் வந்து தங்கியுள்ள வெளிமாநிலத் தொழிலாளர் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

3. துப்புரவுத் தொழில் செய்யும் நம் சகோதரர் நம் வீட்டில் எந்தப் பாத்திரத்தில் நீர் அருந்துகின்றார்? அது நாம் அருந்தும் பாத்திரமா?

4. நமக்குத் தீங்கு செய்த ஒருவரையும், நன்மை செய்து நாம் மறந்துவிட்ட மூவரையும் நினைவுகூர்ந்து, அந்நால்வர்பாலும் மைத்ரி பாவனை செய்க.

மூன்றாவது வினாவிற்கு வாயால் விடை கூற வேண்டா. வீட்டிற்குச் சென்று அலமாரியைத் திறந்து பாருங்கள்.

வழியில் உள்ளோர் அனைவரும் நலமாய் ஊர் சேர்வாராக!